பேரும் அரைப்பேரும்: ஒரே அட்டவணையில் அடைபட்ட தானியங்கிப் பதிவுகள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையின் இணையதளத்தில் மனிதக் கையால் எழுதப்பட்ட கட்டுரைகள் இதுவரை மூன்று. முதலாவது, தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டி முடிவுகள். இரண்டாவது, மாரியம்மன் திருவிழா வரவு செலவு. மூன்றாவது, முதலிரண்டிலும் இருந்த பிழைகளுக்கு வருத்தம். இந்த மூன்றாம் கட்டுரைக்கு இயந்திரம் இட்ட வரிசை எண் 4,812.

மூன்று எவ்வாறு 4,812 ஆயிற்று? அறிஞர் எவரும் கைவைக்காத இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கைவைக்காததற்குக் காரணம் வினாவின் கடினம் அன்று. அறிஞர்களுக்கு வேறு வேலை இருந்தது.

2. ஆய்வுக் களம்

இலங்கை மலையகத்தின் கொத்மலை களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆய்வாளரின் வீடு அங்கே இருக்கிறது. பஸ் செலவு இல்லை. மற்றொன்று, இணையம் இங்கே புதுச்சரக்கு அல்ல. 1989-இல் மகாவலித் திட்டப் பகுதி மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கொத்மலைச் சமூக வானொலிக்கு 1999-இல் யுனெஸ்கோ உதவியுடன் இணைய இணைப்பு வந்தது. நேயர் ஒரு கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, வானொலியில் விளக்குவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி செய்து கொடுத்தார்கள். இதில் ஆய்வாளர் அடிக்கோடிடுவது ஒன்றே: கேட்க ஓர் ஆள் இருந்தார், பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

கலைச்சொல் பற்றி ஓர் எச்சரிக்கை. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்றதும் தமிழாசிரியர்கள் பழந்தமிழ் நூல்களைப் பதினெட்டுப் பதினெட்டாக எண்ணத் தொடங்கிவிடுவார்கள். தோட்டத்தில் மேக்கணக்கு என்றால் மேல் டிவிஷன்; பணியக்கணக்கு என்றால் கீழ் டிவிஷன். இரண்டு வழக்குக்கும் பொது ஒன்றுண்டு: பெயர் வைத்தவர்கள் தொகுத்தவர்கள், பாட்டு எழுதியவரையும் கேட்கவில்லை, கொழுந்து எடுத்தவரையும் கேட்கவில்லை.

3. முன்னோடி அட்டவணை

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடக்கும் கலை கணினியோடு பிறந்ததன்று. மலையகத்தில் அதற்குச் செக்ரோல் என்று பெயர். பக்கவாட்டில் ஆட்கள், மேலே தேதிகள். கொழுந்து எடுப்பவர், கவ்வாத்து வெட்டுபவர், மருந்து அடிப்பவர், பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா என எல்லோரும் ஆளுக்கொரு வரி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டும். வேலை முடிந்தால் கட்டத்தில் ஒரு பேர் விழும். தராசில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வராதவருக்கு வெறுங்கட்டம். மாதக் கடைசியில் சந்தா, சேமலாப நிதி, முற்பணம், தேயிலைத்தூள் எல்லாம் கழிந்து மிச்சம் கைக்கு வரும்.

இந்த அட்டவணையின் இலக்கணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஆள் முதல், பேர் பிறகு. மனித உடம்பைப் பாதியாக எண்ணிய அரைப்பேர்க் கணக்கின் கொடுமை வேறோர் ஆய்வுக்கு உரியது. ஆனால் அந்தக் கொடுமைக்குக்கூடக் கொழுந்து மடுவத்தில் ஒருவர் தராசு முள்ளைப் பார்க்க வேண்டியிருந்தது.

4. இயந்திரச் செக்ரோல்

எங்கள் தளம் இயங்குவது வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில். 2003-இல் வெளிவந்த இதன் அடிவயிற்றில் பதிவுகளுக்கென ஓர் அட்டவணை இருக்கிறது. நிரல்கள் 23. கட்டுரை, நிலைப்பக்கம், படம், பட்டியில் தெரியும் இணைப்பு, திருத்தப் பிரதி எல்லாம் இதே அட்டவணையில் ஆளுக்கொரு வரி. எது எந்த இனம் என்று சொல்வதற்கு ஒரு நிரல். எது வெளியானது, எது வரைவு, எது குப்பை என்று சொல்வதற்கு இன்னொரு நிரல். எண் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவரிசை. அழித்தாலும் அந்த எண் அடுத்தவருக்குப் போகாது. திருவிழாப் படம் நாற்பது ஏற்றினால் நாற்பது எண் போயிற்று.

ஒவ்வொரு வரியிலும் நேரம் இரண்டு விதமாகக் குறிக்கப்படுகிறது: உள்ளூர் நேரம், கிரீன்விச் நேரம். இடையே ஐந்தரை மணி. தொரைமார் கப்பலேறி இத்தனை ஆண்டு கழிந்தும் எங்கள் அட்டவணை லண்டன் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறது என்பதை ஆய்வாளர் உணர்ச்சிவசப்படாமல் பதிவு செய்கிறார்.

5. வகைப்பாடு

தானாகப் பிறக்கும் பதிவுகள் நால்வகைப்படும்.

முதல் வகை, பிறவிப் பதிவு. மென்பொருளை நிறுவிய கணத்திலேயே, உலகத்துக்கு வணக்கம் சொல்லும் ஒரு பதிவு எண் 1 ஆக வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாதிரிப் பக்கம் ஒன்று எண் 2. வீடு குடிபோகும் முன்பே திண்ணையில் இருவர் இருப்பதற்கு ஒப்பானது இது.

இரண்டாம் வகை, எட்டிப்பார்த்த பதிவு. 'புதிய பதிவு' என்பதை அழுத்தி, ஒரு சொல்லும் எழுதாமல் தேநீர் குடிக்கப் போனாலும் அட்டவணையில் ஒரு வரி விழும். ஏழு நாள் ஆனபின் இயந்திரமே இதைத் துடைத்துவிடும். எண் மட்டும் போனது போனதுதான். பெரட்டுக்களத்தை வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தவருக்கும் பேர் போட்ட தோட்டம் எதுவும் வரலாற்றில் இல்லை.

மூன்றாம் வகை, பாடபேதப் பதிவு. கட்டுரையைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு திருத்தப் பிரதி தனி வரியாகத் தங்கும். தடுத்து நிறுத்தாவிட்டால் இதற்கு எல்லையில்லை. சீவக சிந்தாமணிக்கு ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, பாடம் ஒப்பிட்டு, 1887-இல் அச்சேற்றினார் உ.வே.சாமிநாதையர். எங்கள் திருவிழாக் கணக்குக்கு அலையாமலே 63 பாடபேதங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் 58, தேங்காய்ச் செலவு பற்றியவை.

நான்காம் வகை, வரத்துப் பதிவு. இதுவே கூட்டத்தில் பெரியது. தளம் வெறுமையாகத் தெரிகிறதே என்று ஆய்வாளர் ஒரு செருகுநிரலைப் பூட்டி, செய்தி ஓடைகளைத் திருப்பிவிட்டார். வானிலை, மின்தடை, 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தின் விலை, நீர்த்தேக்க மட்டம் யாவும் தாமாக வந்து, தாமாக வெளியாகி, எழுதியவர் நிரலில் ஆய்வாளர் பெயரைத் தாங்கி நின்றன. தன் கீழ் வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணி தலைக்காசு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் கங்காணியாவது ஆட்களை அழைத்து வந்தார்.

6. களநிகழ்வு

மழைக்காலத்தில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவு தானாகத் திறந்துகொண்டதாகச் செய்தி வருவது வழக்கம். அப்படியொரு பழைய செய்தியை எங்கள் ஓடை இழுத்து வந்தது. செய்தி எழுதப்பட்ட நாளை விட்டு, தான் இழுத்து வந்த நாளையே தேதியாகவும் போட்டது. அமைப்பைச் சரிபார்க்காதது ஆய்வாளரின் பிழை. நாள், மாசி மாதத்துப் பட்டப்பகல்.

ஆற்றோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தைக்கு அவர் மகன் போனில் இதை வாசித்துக் காட்ட, அத்தை ஈரத்துணியோடு லயத்துக்கு ஓடி வந்தார். இஸ்தோப்பில் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு ஆய்வாளரைப் பார்த்தார்.

"ஏன்டா, ஒரு பொட்டு மேகம் இல்ல. எந்தக் கதவடா தெறந்துச்சு?"

தானாகத் திறந்த கதவைப் பற்றித் தானாக வந்த செய்தி தானாக வெளியானது என்று விளக்கப்பட்டது.

"அப்ப நீ எதுக்கு இருக்கே?" என்றார் அத்தை. நேர்காணல் அத்துடன் நிறைவுற்றது.

7. சோதனை

அத்தையின் வினா முறையியல் சார்ந்தது என்பதால், பணியக்கணக்கில் நெடுங்காலம் செக்ரோல் எழுதி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயாவிடம் அட்டவணை ஒப்படைக்கப்பட்டது. திரையை நீண்ட நேரம் பார்த்தார்.

"இத்தன பேர் போட்டிருக்கே தம்பி. பெரட்டுக்கு யாரு வந்தா?"

"யாரும் வரலைங்க ஐயா. மெஷினே போடுது."

"அப்ப இது செக்ரோல் இல்ல தம்பி. பொய்ப்பேர்."

அட்டவணையைப் பல துண்டாகப் பிரித்துவிடலாம் என்று ஆய்வாளர் முன்மொழிந்தார். ஐயா ஒப்பவில்லை. புத்தகம் ஒன்றாக இருந்தால்தான் ஓர் ஆளை இரண்டு இடத்தில் எழுதியது கண்ணுக்குப் படும் என்றார். அது மெய்யாயிற்று: ஒரே மின்தடை அறிவிப்பு மூன்று ஓடைகள் வழியே மூன்று வரியாக வந்திருந்தது.

அவர் வகுத்த விதிகள் ஐந்து. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்ற மூல முகவரியைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும். அதே முகவரி மறுபடி வந்தால் வாசலிலேயே திருப்ப வேண்டும். செய்தியின் தேதியும் வந்து சேர்ந்த தேதியும் தனித்தனியே நிற்க வேண்டும். வந்தது எதுவும் நேரே வெளியாகக் கூடாது; பார்வைக்குக் காத்திருக்கும் நிலையில் நிற்க வேண்டும். பார்த்தவர் தம் பெயரை எழுத வேண்டும்.

ஐந்தாம் விதியில் ஆய்வாளர் தயங்கினார். "அதுக்கு ஒரு ஆள் தெனமும் உக்காரணுமே ஐயா."

"பின்ன, பெரட்டு யாரு எடுக்கிறது?"

8. முடிவுகள்

பிறவிப் பதிவுகளும் பாடபேதங்களும் வரத்துப் பதிவுகளும் களையப்பட்டன. வேர்ட்பிரஸில் குப்பைக்குப் போனது 30 நாள் கண்ணில் படும், பிறகு மறையும். 1985-இல் நிரம்பிய கொத்மலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய கடதொர விகாரை, வறட்சியில் மட்டம் இறங்கும்போது இன்றும் தலைகாட்டுகிறது. வானிலையை நம்பிக் கல் பொறுத்திருக்கிறது. மென்பொருளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எண் 1 மட்டும் அழிக்கப்படவில்லை. "ஒண்ணாம் நம்பரு. இத்தன வருசம் ஒரு நாளும் லீவு போடல. சர்வீஸ் இருக்கு, விட்டுரு" என்றார் ஐயா.

ஆய்வுச் சிக்கலுக்கான விடை இதுதான்: மூன்றும் 4,812-உம் முரண்பட்டவை அல்ல. முதலாவது, வந்தவர்களின் தொகை. இரண்டாவது, போட்ட பேர்களின் தொகை. இரண்டும் ஒரே அட்டவணையில் இருப்பதால் தவறில்லை. நடுவில் ஆள் இல்லாததே தவறு.

இந்த ஆய்வுக் கட்டுரை தனக்கும் ஓர் எண் பெற்று, பார்வைக்குக் காத்திருக்கும் நிலையில் வைக்கப்பட்டது. மறுநாள் ஐயாவிடம் காட்டப்பட்டது. வாசித்தார்.

"பேர் போடவா ஐயா?"

"அரைப்பேர் போடு" என்றார். "கண்ணாடி கொண்டு வரல. பாதிதான் படிச்சேன்."