ராஜாக்கள் போட்ட மகாநாடு

பயங்கரவாதத்தை ஒழிக்க உலக நாடுகள் முதன்முதலாகக் கூடிய மகாநாடு 28 நாள் நடந்தது. 1898 நவம்பர் 24 அன்று ரோம் நகரில், கோர்சினி மாளிகையில் ஆரம்பம். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வீடு போய்ச் சேர வசதியாக டிசம்பர் 21 அன்று மங்களம். 21 நாடுகளிலிருந்து 54 பேர் வந்திருந்தார்கள். ரஷ்ய ஜாரின் ஆட்கள், ஜெர்மன் கைசரின் ஆட்கள், துருக்கி சுல்தானின் ஆட்கள் என்று, சாதாரண நாளில் ஒருவர் கொடுத்த காபியை இன்னொருவர் நம்பிக் குடிக்காதவர்கள் எல்லாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு சூதாட்ட விடுதியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலத்தையும் வைத்துக்கொண்டு தன்னையும் நாடு என்று சொல்லிக்கொண்ட மொனாக்கோகூட ஆளனுப்பியிருந்தது.

இத்தனை பேரையும் கிளப்பிவிட்டது ஓர் அரம். மரக்கடையில் ராவுகிற அரம்தான்.

லூயிஜி லுக்கேனிக்கு அப்போது 25 வயது. பாரிஸில் பிறந்து, பெற்றவளால் கைவிடப்பட்டு, அநாதை இல்லத்திலும் அடுத்தவர் வீட்டிலும் வளர்ந்து, இத்தாலியக் குதிரைப்படையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கூலிவேலைக்கு ஸ்விட்சர்லாந்து வந்து சேர்ந்த ஆள். எந்த அரசாங்கமும் வேண்டாம் என்கிற அராஜகவாதி. ராஜவம்சத்தில் யாரையாவது தீர்த்துக்கட்ட வேண்டும் என்பது அவன் லட்சியம். யாரை என்பதில் பிடிவாதம் இல்லை. முதலில் ஆர்லியன்ஸ் இளவரசரைத்தான் குறிவைத்தான். அவர் பயணத்தை மாற்றிக்கொண்டுவிட்டார். குத்துவாள் வாங்கக் கையில் காசில்லை. அதனால் அரத்தைக் கூராக்கி ஒரு விறகுத்துண்டைப் பிடியாகச் செருகிக்கொண்டான். அந்தச் சமயம் பார்த்து ஜெனீவாப் பத்திரிகை ஒன்று, ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் மாறுபெயரில் போ-ரிவாஜ் ஓட்டலில் தங்கியிருக்கிறார் என்று துப்புத் துலக்கி வெளியிட்டது. பத்திரிகை தர்மம்.

செப்டம்பர் 10 அன்று ஏரிக்கரையில் நீராவிப் படகு ஏற நடந்துகொண்டிருந்த பேரரசி மேல் பாய்ந்து குத்தினான். யாரோ இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறான் என்றுதான் அந்த அம்மாள் நினைத்தார். எழுந்து, நடந்து, படகில் ஏறி, அது கிளம்பிய பிறகு மயங்கி விழுந்தார். இறுக்கிக் கட்டியிருந்த கார்செட்டை அவிழ்த்தபோதுதான் காயமே தெரிந்தது. இதில் வயிறெரிய வைக்கும் சங்கதி வேறு ஒன்று. ஹாப்ஸ்பர்க் அரண்மனையில் ராஜபரம்பரையின் மேல் கொஞ்சமும் மதிப்பில்லாமல் இருந்த ஒரே ஆள் இவர்தான். முடியாட்சியைக் கிண்டலடித்துக் கவிதை எழுதி ஒளித்துவைத்தவர். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்விஸ் வங்கியில் பணமும் போட்டுவைத்திருந்தார். கிழச் சிங்கங்கள் நிறைந்த ஐரோப்பாவில் லுக்கேனி தேடிப்பிடித்துக் கொன்றது அவனோடு பாதியாவது ஒத்துப்போயிருக்கக்கூடிய பெண்மணியை.

பிடிபட்டதும் அவனுக்கு ஒரே ஒரு மனக்குறை. ஜெனீவாவில் மரண தண்டனை கிடையாது. லூசெர்ன் மாநிலத்தில் உண்டு. என்னை அங்கே அனுப்பி விசாரியுங்கள் என்று ஸ்விஸ் நாட்டின் தலைவருக்கே கடிதம் எழுதினான். கைதியின் வசதிக்காக ஊர் மாற்ற முடியாது என்று ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

இத்தாலிக்கு மானம் போனது. காரணம் லுக்கேனி மட்டுமல்ல. 1894இல் பிரெஞ்சு ஜனாதிபதி சாதி கார்னோவை லியோன் நகரில் குத்திய கசேரியோ இத்தாலியன். 1897இல் ஸ்பெயின் பிரதமர் கானோவாஸைச் சுட்ட ஆஞ்சியோலில்லோ இத்தாலியன். ஐரோப்பாவுக்கு ஓபரா பாடகர்களை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த தேசம் வேறு சரக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டது என்று நாலு பேர் பேச ஆரம்பித்தார்கள். அண்டை வீட்டுக்காரர் புகார் செய்வதற்கு முன்னால் நாமே பஞ்சாயத்தைக் கூட்டிவிடுவோம் என்று இத்தாலிய அரசு அழைப்பு அனுப்பியது.

பஞ்சாயத்தின் முதல் கேள்வி: அராஜகவாதி என்றால் யார்?

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்நாளைய அராஜகவாதிகளில் பெரும்பாலோர் பத்திரிகை நடத்தி, கடன்பட்டு, ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள். டைனமைட் பக்கம் போனவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுடைய தத்துவாசிரியர்களில் ஒருவரான கிரபோட்கின் ரஷ்ய இளவரசர். லண்டன் அருகே உட்கார்ந்து புவியியல் எழுதிக்கொண்டிருந்தார். பிற்பாடு பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் அராஜகவாதம் பற்றிய கட்டுரையையும் அவரிடமே கேட்டு வாங்கிப் போட்டார்கள். இவரையும் லுக்கேனியையும் ஒரே வரியில் அடைக்க வேண்டும். கூடத்தில் இருந்த ஒவ்வொரு அரசாங்கத்தின் சட்டைப்பையிலும் தனக்குப் பிடிக்காதவர்களின் பட்டியல் வேறு இருந்தது.

மகாநாடு கண்ட முடிவு இது. சமூக அமைப்பு முழுவதையும் வன்முறையால் அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படுவது அராஜகச் செயல்; அராஜகச் செயலைச் செய்கிறவன் அராஜகவாதி. 54 பேர் மூளையைக் கசக்கிப் பிழிந்த சாறு. சிரிக்க வேண்டாம். 1996இல் பயங்கரவாதத்துக்கு எதிரான முழுமையான ஒப்பந்தம் ஒன்றின் வரைவை இந்தியா ஐ.நா. சபையில் வைத்தது. பயங்கரவாதி என்றால் யார் என்ற இடத்தில் அது இன்னமும் நின்றுகொண்டிருக்கிறது. கோர்சினி மாளிகைக்காரர்கள் ஒரு வாக்கியமாவது எழுதினார்கள்.

கூடவே இன்னொன்றும் முடிவானது: அராஜகவாதத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் கிடையாது. ராஜாவைக் கொல்வதில் அரசியல் இல்லையாம். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும் இதற்குப் பின்னால் வக்கீல் மூளை இருந்தது. அரசியல் குற்றம் செய்துவிட்டு ஓடிவந்தவனைப் பிடித்துக்கொடுப்பதில்லை என்பது ஐரோப்பாவின் பழைய கௌரவம். மூன்றாம் நெப்போலியன் போகும் ரயிலைத் தகர்க்கப் பார்த்தவர்கள் பெல்ஜியத்தில் ஒதுங்கியபோது இதே சிக்கல் வந்து, ராஜாவைக் கொல்வது மட்டும் அரசியல் கணக்கில் சேராது என்று பெல்ஜியம் 1856இல் சட்டமே போட்டது. ஆங்கிலேய நீதிபதிகள் இன்னும் கெட்டிக்காரர்கள். அரசியல் குற்றம் என்றால், எந்த அரசாங்கம் வேண்டும் என்று இரண்டு கட்சிகள் அடித்துக்கொள்ள வேண்டும்; அராஜகவாதிக்கோ எந்த அரசாங்கமும் வேண்டாம்; ஆகவே அவன் செய்வது அரசியல் அல்ல என்று 1894இல் மூனியே என்ற பிரெஞ்சுக்காரனைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

இத்தனை கெட்டிக்கார ஆங்கிலேயர்கள் ரோமில் என்ன செய்தார்கள்? 28 நாளும் கவனமாகக் கேட்டுவிட்டு, எங்கள் ஊர்ச் சட்டமே எங்களுக்குப் போதும் என்று இறுதி ஆவணத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய முன்னாள் துப்பறியும் துறைத் தலைவர் ஹோவர்ட் வின்சென்ட், மற்ற நாட்டு போலீஸ் தலைவர்களோடு தனியாக உட்கார்ந்து உருப்படியாகச் சில ஏற்பாடுகள் செய்துகொண்டார். தூதர்கள் வழியாகப் போகாமல் போலீஸும் போலீஸும் நேரடியாகக் கடிதம் எழுதிக்கொள்வது, பாரிஸ் போலீஸின் பெர்த்தியோன் வகுத்த முறைப்படி ஆளின் காது, மூக்கு, நெற்றி அடையாளங்களைச் சொல்லி அனுப்புவது என்பவை அவற்றில் சில. பெர்த்தியோன் காதை அளப்பதில் கில்லாடிதான். கையெழுத்தைப் பார்க்கப் போய்த்தான் டிரைஃபஸ் வழக்கில் ஒரு நிரபராதியைத் தீவுக்கு அனுப்ப உதவினார். அந்த மனிதர் அங்கே இன்னும் வாடிக்கொண்டிருந்த அதே டிசம்பரில் இங்கே ரோமில் பெர்த்தியோனுக்குப் புகழ்மாலை.

நாட்டுத் தலைவர்களைக் கொல்பவனுக்கு மரண தண்டனை என்றும் சிபாரிசு செய்தார்கள். விருந்து வைத்த இத்தாலி ஒன்பது வருடத்துக்கு முன்பே மரண தண்டனையை ஒழித்திருந்தது. யாரும் அதைக் கிளறவில்லை.

கிளறும்படி ஆகிவிட்டது. 1898 மே மாதம், அதாவது லுக்கேனிக்கு நாலு மாதம் முன்பு, ரொட்டி விலை ஏறியதற்காக மிலான் தெருக்களில் இறங்கிய ஜனங்கள் மேல் பாவா பெக்காரிஸ் என்ற ஜெனரல் பீரங்கியால் சுட்டார். அரசாங்கக் கணக்கிலேயே ஏறக்குறைய 80 பேர் செத்தார்கள். மன்னர் உம்பெர்ட்டோ அவரைக் கூப்பிட்டு உயரிய விருது கொடுத்தார். பீரங்கி எந்தப் பட்டியலில் வரும் என்று கோர்சினி மாளிகையில் ஒருவரும் கேட்கவில்லை. பட்டியல் எழுதும் பேனா அவர்கள் கையில் இருந்தது. அமெரிக்காவில் பேட்டர்சன் ஊரில் பட்டு நெய்துகொண்டிருந்த பிரெஷி என்பவன் கேட்டான். பத்திரிகைக்குக் கொடுத்திருந்த கடனைத் திருப்பித் தா என்று தோழர்களை நச்சரித்து, கருமி என்று பெயர் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினானாம். 1900 ஜூலை 29 அன்று மோன்சாவில், தேகப்பயிற்சிப் பரிசளிப்பு விழாவிலிருந்து கிளம்பிய மன்னரைச் சுட்டுக் கொன்றான். மகாநாட்டுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரரே போய்விட்டார். மறுவருடம் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி. அமெரிக்கா ரோமுக்கே வரவில்லை.

வேலி பயிரை மேய்ந்தது என்பார்கள். அந்தக் கால போலீஸ் விஷயத்தில் அது போதாது. வேலியே விதை வாங்கி, உழுது, நட்டு, தண்ணீரும் பாய்ச்சியது. 1880இல் பாரிஸ் போலீஸ் தலைவர் லூயி ஆந்திரியூ, அராஜகவாதிகளுக்கு ஒரு பத்திரிகையே நடத்தப் பணம் கொடுத்தார். பிற்பாடு நினைவுக் குறிப்புகளில் அதைப் பெருமையாக எழுதியும் வைத்தார்: சதிகாரர்களின் அறைக்கும் தன் அலுவலகத்துக்கும் டெலிபோன் போட்ட மாதிரி இருந்ததாம். வாசகர்கள் பேச்சோடு நிற்காமல் முன்னாள் ஜனாதிபதி தியேரின் சிலைக்குக் குண்டு வைத்தார்கள். சிலையில் கறை விழுந்ததோடு சரி.

பாரிஸிலிருந்த ரஷ்ய ரகசிய போலீஸ் இன்னும் சிரத்தையாக வேலை செய்தது. லாண்டெஸன் என்ற பெயரில் அவர்களுடைய ஆள் ஒருவன் 1890இல் நாடுகடந்த ரஷ்யப் புரட்சிக்காரர்களைச் சேர்த்து, காசு கொடுத்து, குண்டு செய்ய வைத்து, பிரெஞ்சு போலீஸ் வந்தபோது மாயமானான். அவன் இல்லாமலேயே அவனுக்கு ஐந்து வருடம் சிறை விதித்தார்கள். பிறகு ஹார்ட்டிங் என்ற கனவானாகத் திரும்பி வந்து அதே பாரிஸ் அலுவலகத்துக்குத் தலைவரானான். தேடப்பட்ட குற்றவாளிக்கு லெஜியன் ஆஃப் ஹானர் பட்டம் வேறு கிடைத்தது. 1909இல் பூர்த்ஸெவ் என்ற புரட்சிக்காரப் பத்திரிகையாளர் அம்பலப்படுத்தும்வரை பிரான்ஸுக்குத் தெரியாது. காதை அளந்து பார்த்திருக்கலாம்.

ரோமில் பாதியில் நின்றதை 1904 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பத்து நாடுகள் ரகசிய ஒப்பந்தமாகவே போட்டுவிட்டன. அப்போது ரஷ்யாவின் உள்துறை அமைச்சர் பிளேவே. மை காய்ந்து நாலரை மாதம்கூட ஆகவில்லை, ஜூலையில் அதே ஊர்த் தெருவில் குண்டு வீசி அவரைக் கொன்றார்கள். கொன்ற அமைப்பின் தலைவன் அஸெஃப். பத்து வருடத்துக்கு மேலாக அவன் ரஷ்ய போலீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன். அந்த போலீஸ் பிளேவேயின் அமைச்சகத்தின் கீழ் வருவது. உள்துறை அமைச்சர் தன் கொலைக்குத் தானே மாதச் சம்பளம் கொடுத்தார் என்பதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் முதல் உலகப்போர் வந்து, இந்த ராஜாக்களில் பல பேரை எந்த அராஜகவாதியின் உதவியும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

1934 அக்டோபர் 9 அன்று யூகோஸ்லாவிய மன்னர் அலெக்ஸாந்தரை மார்செய் நகரில் சுட்டார்கள். உடனிருந்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பார்த்தூவும் இறந்தார். அவர் மேல் பாய்ந்தது பதறிப்போன போலீஸின் தோட்டா என்பது பல வருடம் கழித்து வெளிவந்தது. சதியின் தலைவன் பாவெலிச் இத்தாலியில் இருந்தான். கொடுங்கள் என்று பிரான்ஸ் கேட்டது. இது அரசியல் குற்றம், கொடுக்க முடியாது என்றது டூரின் நீதிமன்றம். ராஜாவைக் கொல்வதில் அரசியலே இல்லை என்று 36 வருடத்துக்கு முன் ஊரைக் கூட்டித் தீர்மானம் போட்ட அதே இத்தாலி.

சர்வதேச சங்கத்துக்கு (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ரோஷம் வந்து, 1937 நவம்பர் 16 அன்று ஜெனீவாவில் பயங்கரவாதத் தடுப்பு ஒப்பந்தம் தயாரானது. 24 நாடுகள் கையெழுத்துப் போட்டன. பிரிட்டன் வழக்கம்போலப் போடவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் ஊருக்குப் போய் அதை உறுதிசெய்து அனுப்பினால்தான் ஒப்பந்தத்துக்கு உயிர் வரும். 24இல் ஒரே ஒரு தேசம்தான் அனுப்பியது: இந்தியா. 1941 ஜனவரி 1 அன்று, டெல்லியில் இருந்த வெள்ளைக்கார சர்க்கார், நேருவைச் சிறையில் வைத்துக்கொண்டே, இந்தியாவின் பெயரால் உறுதிசெய்தது. தான் கையெழுத்துப் போட மறுத்த காகிதத்தை பிரிட்டன் நம் கையில் திணித்திருந்தது.

பதினைந்து நாள் கழிந்தது. ஜனவரி 16 இரவு, கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்த சுபாஷ் சந்திர போஸ், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஜியாவுதீன் வேஷத்தில் காரில் ஏறிக் கிளம்பினார். காபூல் போய், அங்கே ஓர் இத்தாலிய பாஸ்போர்ட்டில் ஒர்லாண்டோ மஸ்ஸோட்டாவாக மாறி, மாஸ்கோ வழியாக பெர்லின் சேர்ந்தார். ஒப்பந்தம் கையில் இருக்கிறதே, எழுதிக் கேட்கலாமே என்று டெல்லியில் எந்த குமாஸ்தாவாவது யோசித்திருந்தால் உறையில் விலாசம் எழுதும்போது திகைத்திருப்பான். அந்த ஒப்பந்தப்படி டெல்லி உரிமையோடு கேட்கக்கூடிய ஒரே அரசாங்கம் டெல்லிதான்.