போப்பாண்டவரின் சில்லறை

கேள்வி: போப்பாண்டவரே ராஜாவாக இருந்த ரோமில், கடைவீதியில் சில்லறைக்கு என்ன செய்தார்கள்? உண்டியலை உடைத்தார்களா?

பதில்: உண்டியலில் விழுந்ததே அந்தச் செப்புக்காசுதானே! அன்றைய நாணயக் கணக்கில் 100 பயோக்கோ ஒரு ஸ்கூதோ. 5 குவாத்ரீனோ ஒரு பயோக்கோ. ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்த கடைக்காரர் பிழைத்தார். 1790களில் போப் ஆறாம் பயஸின் கஜானா காலி. போதாக்குறைக்கு 1797இல் நெப்போலியன் தொலெந்தினோ உடன்படிக்கை போட்டு, கப்பமாகப் பெருந்தொகை கறந்துவிட்டார். வெள்ளிக்கு எங்கே போவது? செம்பையே கனமான காசாக அடித்துத் தள்ளினார்கள். இரண்டரை பயோக்கோவில் புனித பேதுரு, ஐந்து பயோக்கோவில் மாதா. ‘சம்பியெத்ரீனோ’, ‘மதொன்னீனா’ என்று ஜனங்கள் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். கெட்டிக்கார ஏற்பாடுதான்: விலைவாசி எகிறும்போது கையிலுள்ள காசைத் திட்டலாம் என்றால், மாதாவையல்லவா திட்ட வேண்டும்!