32 ஆம்பியருக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: செயலாளர் அவர்கள், குடியிருப்போர் நலச் சங்கம்.

பொருள்: படிக்கட்டு விளக்குகளின் அட்டூழியத்தை ஒடுக்கியமைக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா,

சாயங்காலமானால் எம்சிபி விழுவதற்குப் படிக்கட்டு விளக்குகளே காரணம் என்று கண்டுபிடித்து, எட்டில் நான்கைக் கழற்றச் செய்தீர்கள். அப்படியும் விழுந்தது. மனம் தளராமல் 6 ஆம்பியர் எம்சிபியையே தூக்கிவிட்டு 32 ஆம்பியரில் ஒன்றை மாட்டினீர்கள். அன்றிலிருந்து எதுவும் விழவில்லை. பொதுக்குழுவே கைதட்டியது.

தண்டனை பெற்ற விளக்குகளின் குற்றப்பத்திரிகையைப் பார்த்தேன். ஒரு எல்இடி பல்பு 9 வாட். எட்டும் சேர்ந்து எரிந்தால் 72. தலைவர் தலைக்கு மேல் சுற்றும் பழைய மின்விசிறி ஒன்றே ஏறக்குறைய அவ்வளவு இழுக்கும். 230 வோல்ட்டில், எட்டு விளக்குக்கும் சேர்த்து ஒரு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒரு லைட் சர்க்யூட்டில் பத்துப் பாயிண்டுக்கு மேல் கூடாது, 800 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது தேசிய மின் விதித்தொகுப்பு. பத்திலும் 60 வாட் குண்டு பல்பு மாட்டினாலே 600தான் ஆகும்.

அப்படியானால் யார்தான் குற்றவாளி? அதே சர்க்யூட்டில் சங்க அறையின் சுவிட்ச் போர்டும் இருக்கிறது. அதில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. அதன் தடித்த பின் அந்தச் சின்னத் துளையில் நுழையாது என்பதால், சாதுரியமாக ஒரு கன்வர்ட்டர் பிளக். இழுப்பது 8.7 ஆம்பியர். இந்த அளவுக்கு 6 ஆம்பியர் எம்சிபி சட்டென்று விழாது. உள்ளேயிருக்கும் ஈருலோகத் தகடு சூடாகி வளைய வேண்டும். பால் காய்ந்து, டிகாக்‌ஷன் இறங்கி, பஜ்ஜிக்கு எண்ணெய் காயும் நேரத்தில், சரியாகத் தீர்மானம் வாசிக்கும்போது கட்டடம் இருண்டதன் ரகசியம் இதுதான்.

எம்சிபி காப்பது பல்பையும் இல்லை, பஜ்ஜியையும் இல்லை. சுவருக்குள் போகும் கம்பியை. நம் சுவரில் இருப்பது ஒன்றரை எம்எம் செம்பு. குழாய்க்குள் அடைபட்ட நிலையில் 15 ஆம்பியர் வாக்கிலேயே அதற்கு மூச்சு முட்டும். புது எம்சிபியோ 46 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரம்வரை பொறுத்துக்கொள்ளலாம். தர விதியே அந்தச் சலுகையைத் தருகிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியின் சூடு நான்கு மடங்காகும் என்பது அந்தச் சலுகையில் சேராது.

அடுத்த கூட்டத்தில் சங்க அறைக்கு வாட்டர் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் வாங்கப்போகிறீர்களாம். ஹீட்டர் 2000, பாக்ஸ் 1000 என்று வைத்தால், அடுப்போடு சேர்த்துக் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். கம்பி உள்ளே வேகும், எம்சிபி கொட்டாவி விடும்.

எனவே பணிவான கோரிக்கை: அடுப்புக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக நாலு எம்எம் வயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் பாயிண்டும் அதற்கென ஒரு எம்சிபியும் வைக்கவும். ஹீட்டர் வந்தால் அதற்கும் தனி லைன். லைட் சர்க்யூட்டுக்குப் பழைய 6 ஆம்பியரையே திருப்பிப் போடவும். நான்கு விளக்குகளையும் விடுதலை செய்யவும். நிதி போதவில்லையென்றால், அவற்றை அணைத்து இதுவரை மிச்சம் பிடித்த 36 வாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் இருட்டில் பூட்டுத் துளை தேடும் உறுப்பினர்