தேசபக்திக்கும் ஒரு பாடவேளை

அமெரிக்க ராணுவத்தில் மாற்றல் உத்தரவு வந்தால் சிப்பாய் மட்டுமா மூட்டை கட்டுகிறார்? வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் மனைவியின் பள்ளிக்கூடமும் அட்டைப்பெட்டிக்குள் போகிறது.

டெக்சாஸ் ஃபோர்ட் பிளிஸ்ஸில் இருக்கும்வரை, அறிக்கை கொடு என்று மாநில அரசு கேட்காது. நியூயார்க்கின் ஃபோர்ட் டிரம்முக்கு வந்தாலோ பாடத்திட்டம், காலாண்டு அறிக்கை, தொடக்க வகுப்புக்கு ஆண்டுக்கு 900 மணி நேரம் என்று நீளும். (சாமான் இன்னும் லாரியில், பென்சில் சீவி எந்தப் பெட்டியிலோ, கடவுளுக்கே வெளிச்சம்.)

கட்டாயப் பாடங்களில் சைக்கிள் பாதுகாப்பு உண்டு, தீத்தடுப்பு உண்டு, தேசபக்தியும் உண்டு! அப்பா கடல் கடந்து காவலுக்குப் போயிருக்கும் வீட்டில், பிள்ளைக்கு நாட்டுப்பற்று கற்பிப்பதாக அம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிடுங்கள், தாயே. அதை வாங்கிக் கோப்பில் வைக்கிறவருக்கு மாற்றல் கிடையாது.