போஜனசாலை நிர்ணயம்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விசாரணை

வெளியூர் போன இடத்தில் எந்த ஓட்டலில் சாப்பிடுவது என்ற கேள்வியை, ஆன்மா நித்தியமா அநித்தியமா என்ற கேள்வியைவிட அற்பமானதென்று எண்ணுகிறவர்கள், பகல் இரண்டு மணிக்கு ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பசித்த மனைவியோடும் அவளைவிடப் பசித்த மைத்துனனோடும் குற்றாலத்துக் கடைவீதியில் நின்று பார்த்தவர்களாக இருக்க முடியாது. ஆன்மாவைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல ஆறு தரிசனங்கள் இருக்கின்றன. விடை சற்றுத் தாமதித்தாலும் பாதகமில்லை. ஓட்டலைப் பற்றிய கேள்விக்கோ சூத்திரமும் இல்லை, பாஷ்யமும் இல்லை; ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டுவதும், கடைசியில் குழந்தை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் போவதுமே இதுவரையில் நம்மவர் சம்பிரதாயமாக இருந்துவருகிறது. இக்குறையை ஓரளவேனும் போக்கும் பொருட்டு, பதினோரு சீசன்களாக, கைப்பொருளையும் வயிற்றையும் செலவிட்டு நான் செய்துவந்த விசாரணையின் பயனை இங்கே சமர்ப்பிக்கிறேன்.

ஆராய்ச்சிக்கு எல்லை வேண்டும். தென்காசியை நடுவாக வைத்து, மேற்கே செங்கோட்டையும் புளியரையும், கிழக்கே பாவூர்சத்திரம், வடக்கே கடையநல்லூர், தெற்கே கடையம் என்று வட்டம் வரைந்துகொண்டேன். திருநெல்வேலியைச் சேர்க்கவில்லை. அல்வாவை ஆகாரத்தில் சேர்ப்பதா உபசாரத்தில் சேர்ப்பதா என்ற வழக்கு எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இன்னும் தீரவில்லை.

முன்னோர் இத்துறையில் நூல் செய்யாமல் விட்டதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த நாட்களில், அதாவது 1954இல் அவர் மறையும் வரையில், ராஜாஜி, கல்கி போன்றவர்கள் சீசனுக்கு வந்தால் அவருடைய வீட்டு இலையில் உட்கார்ந்தார்கள், கம்பனைக் கேட்டார்கள், இட்லியைச் சாப்பிட்டார்கள். அத்தகைய விருந்தோம்பி ஒருவர் வாய்த்த தலைமுறைக்கு ஓட்டல் நிர்ணய சாஸ்திரம் தேவைப்பட்டிருக்க நியாயமில்லை. நமக்கு வாய்த்திருப்பவர் லாட்ஜ் மானேஜர்; அவர் அறைச் சாவியைக் கொடுக்கும்போதே எதிர்ச் சாரியில் இருக்கும் ஓட்டலையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அந்த ஓட்டல் அவருடைய மச்சினருடையது என்பது மூன்றாம் நாள்தான் தெரியவருகிறது.

இனி அளவைகள். எதையும் அறிவதற்குரிய பிரமாணங்களைத் தமிழில் விரிவாக எடுத்துப் பேசும் காப்பியம் மணிமேகலை. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கதாநாயகியின் கையில் கொடுத்ததும் அதே காப்பியம். தர்க்கத்தையும் சோற்றையும் ஒரே நூலில் வைத்த சாத்தனாரின் உட்கருத்து, முன்னது இல்லாமல் பின்னதைத் தேடக்கூடாது என்பதாகவே இருக்க வேண்டும். ஜைமினிக்குரியவையாக அவர் சொல்லும் அளவைகள் ஆறு. அவற்றையே நானும் கைக்கொண்டேன்.

முதலில் ஆப்தவாக்கியம், அதாவது நம்பத்தகுந்தவர் சொல். இவ்வட்டாரத்தில் ஆப்தர் என்றால் ஆட்டோக்காரர். “எங்கே சாப்பாடு நன்றாயிருக்கும்?” என்று கேட்பது பிழை, அதற்கு அவர் சொல்லும் பதில் உங்கள் சட்டையையும் செருப்பையும் பார்த்துச் சொல்வதாகும். ஆகையால் கேள்வியைத் திருத்தி, “நீங்க மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?” என்று ஒருவரைக் கேட்டேன். “வீட்ல இருந்து கொண்டாந்திருவேன் அண்ணாச்சி. கடைச் சாப்பாடு நமக்கு ஒத்துக்கிடாதுல்லா” என்றார். இதைக் காட்டிலும் சத்தியமான ஆப்தவாக்கியம் இருக்க முடியாது; ஆனால் இதை வைத்துக்கொண்டு மூன்று பேர் சாப்பிடவும் முடியாது.

அடுத்தது அனுமானம். மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவது தர்க்க நூலாரின் பழைய உதாரணம். வெண்பனியைப் புகையென்று மயங்கி நெருப்பை ஊகிப்பது ஏதுப்போலி என்று அவர்களே எச்சரித்தும் இருக்கிறார்கள். சாரல் காலத்தில் குற்றால மலையை அண்ணாந்து பார்த்த எவரும் அந்த எச்சரிக்கை எங்கே பிறந்திருக்கக்கூடும் என்பதில் சந்தேகம் கொள்ளமாட்டார்கள். எனினும் என்னை வீழ்த்தியது பனியன்று, பஸ். நெடுஞ்சாலையோரத்தில் ஓர் ஓட்டல் வாசலில் ஐந்து சுற்றுலா பஸ்கள் நிற்கக் கண்டு, இத்தனை பேர் உண்ணும் இடத்தில் உணவு நன்றாகத்தான் இருக்கும் என்று ஊகித்து உள்ளே போனேன். நூற்றைம்பது பேர், குடத்துத் தண்ணீரைப் பார்ப்பது போல் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். திரை போட்ட தனியறை ஒன்றில் ஐந்து டிரைவர்கள் மட்டும், விலையின்றி, பொரித்த கோழியோடு உண்டுகொண்டிருந்தார்கள். வண்டிகளின் எண்ணிக்கைக்கும் உணவின் சுவைக்கும் இடையில் டிரைவரின் வயிறு என்றோர் உபாதி இருக்கிறது என்பதை அன்று கற்றேன். பஸ்களை விட்டு, உள்ளூர் எண் பலகையுள்ள பழைய இருசக்கர வண்டிகளை எண்ண வேண்டும் என்பது என் திருத்தம்.

அருத்தாபத்திக்கு நூல்கள் தரும் உதாரணம் இத்துறைக்கென்றே சமைக்கப்பட்டது போலிருக்கும்: பருத்த தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆகவே இரவில் உண்கிறான். தென்காசியில் ஓர் ஓட்டலின் கல்லாவில் அத்தகைய தேவதத்தர் ஒருவரைக் கண்டேன். மதியம் ஒரு மணிக்கு, தம் ஓட்டலிலேயே இருபது வகைக் கூட்டும் பொரியலும் இலையிலையாகப் போய்க்கொண்டிருக்க, ஒரு பையன் சைக்கிளில் நாலடுக்கு டிபன் காரியரைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தான். நான் எழுந்துவிட்டேன். மைத்துனன் மறுத்தான்: “மனுஷன் பொண்டாட்டி கைச் சமையலைச் சாப்பிடக்கூடாதா, அத்தான்? இதுல ஓட்டலுக்கு என்ன குத்தம்?” இதற்கு நான் சொல்லவிருந்த பதிலை என் மனைவி எதிர்பார்த்திருந்த பாவனையைக் கண்டு, அருத்தாபத்தி விசாரத்தை அந்த அளவில் நிறுத்திக்கொண்டேன்.

ஆறிலும் எனக்குக் கைகொடுத்தது அனுபலப்தி, அதாவது ஒன்று இல்லாமையைக் கொண்டு அறிவது. திருநெல்வேலிச் சீமையின் சொதியை எடுத்துக்கொள்வோம். பாசிப்பருப்பும் காய்களும் வெந்த பிறகு, தேங்காயின் முதற்பாலைச் சேர்த்து, கொதி வருமுன் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தேங்காய்ப்பாலின் மந்தத்தை முறிக்க இஞ்சிப் பச்சடியை அருகில் வைத்துப் பரிமாறுவது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுவீட்டு விருந்தில் வைப்பதனால் மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர். முதற்பாலை ஊற்றியபின் மறுபடி கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். ஆகவே காலையில் வைத்த சொதியை மாலை வரை சுடவைத்துக்கொண்டிருக்க முடியாது. எப்போது போனாலும் சொதி கிடைக்கிற ஓட்டலில் கிடைப்பது சொதியாக இருக்க வழியில்லை; இரண்டரை மணிக்குப் போய், “தீந்துபோச்சே அண்ணாச்சி, ஒரு மணிக்கு முந்தி வந்திருக்கணும்” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புகிற ஓட்டலே நல்ல ஓட்டல். இந்தப் பிரமாணத்தின்படி இவ்வட்டாரத்தின் மிகச் சிறந்த ஓட்டல்கள் எவை என்பதை நான் ஐயமற அறிவேன். அவை ஒன்றிலும் இதுவரை நான் சாப்பிட்டதில்லை.

உவமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. “நம்ம வீட்டு ரசம் மாதிரியே இருக்கு” என்பது எங்கள் வீட்டில் இரு பொருள்படும் வாக்கியம்.

எஞ்சியது பிரத்தியட்சம். அதற்குப் பிரானூர் போக வேண்டும். செங்கோட்டைச் சீமை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில் சென்னை ராஜ்யத்தின் எல்லை இங்கே இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை நம்மோடு சேர, எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் பின்வாங்கிவிட்டது. போன எல்லை தன் பெயரைப் பரோட்டாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிற்று. பார்டர் கடை என்றால் இன்றும் பிரானூர்தான். அந்தப் பெயரை எந்த நாட்டுக்கும் எல்லையாக இராத சென்னைத் தெருக்களிலும் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். சரித்திர ஞானம் இப்படியும் பரவுகிறது.

அங்கே கல்லடியில் நின்று பார்த்தேன். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை மாஸ்டர் உள்ளங்கையால் தேய்த்து, விளிம்பைப் பிடித்து இரண்டு வீச்சு வீசியதும், அது வேட்டி போல் விரிந்து மேஜையின் மரம் தெரியும் அளவுக்கு மெலிந்தது. அதை நீளவாக்கில் கொசுவி, சுருட்டி, தட்டிக் கல்லில் போட்டார். வெந்தவற்றில் நான்கைந்தை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் ‘தப், தப்’ என்று அறைந்தபோது, மூடியிருந்த அடுக்குகள் ஆவியோடு விரிந்தன. பரிமாறுகிறவர் அதை இலையில் பிய்த்துப் போட்டுக் கேளாமலே சால்னாவை ஊற்றினார். நாட்டுக்கோழி வந்தது, காடை வந்தது. “எப்படி?” என்றான் மைத்துனன். “உன்னதம்” என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

இரவு அறைக்குத் திரும்பி முந்தைய குறிப்புகளைப் புரட்டியபோதுதான் என் ஆராய்ச்சி முழுவதையும் ஆட்டம் காணச் செய்த உண்மை புலப்பட்டது. எல்லாப் பக்கங்களிலும் ‘உன்னதம்’, ‘நன்று’, ‘மிக நன்று’. புலியருவிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையின் கண்ணாடிப் புட்டியில் எத்தனை நாளாகவோ கிடந்த வர்க்கிக்கு எதிரில் ‘அபூர்வம்’ என்றிருந்தது. கையெழுத்து என்னுடையதே. ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால், அன்று எந்த அருவியில் எவ்வளவு நேரம் குளித்தேன் என்பதும் எழுதப்பட்டிருந்தது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, நடுவே பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்து வந்தாலும், பேரருவி நம் தலையில் அறைகிற அறை சாமானியமன்று. அதற்குமுன் எண்ணெய் தேய்ப்பவர் அரைமணி நேரம் முதுகைப் பிசைந்திருப்பார். பிறகு குளிர்ந்த நீர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கும். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மிச்சத்தையும் துடைத்திருக்கும். கரையேறுகிறவன் வயிற்றில் எரிவது, மணிமேகலையில் காயசண்டிகையை வாட்டிய யானைத்தீ என்னும் தீராப் பசியன்றி வேறில்லை. காயசண்டிகையிடம் எந்த ஓட்டலைப் பற்றி அபிப்பிராயம் கேட்டாலும் என்ன சொல்லியிருப்பாள்?

கைப்பேசியில் நட்சத்திரம் பார்த்துப் போகலாமே என்பது ஒரு பூர்வபட்சம். நட்சத்திரம் வழங்கியவர்கள் அத்தனை பேரும் குளித்தவர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் உரிமத்தின் 14 இலக்க எண்ணை நம்பலாமே என்பது இன்னொன்று. இலை வரும் வரையில் அந்த இலக்கங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். அவை அடுக்களையைப் பற்றி ஏதோ சொல்லுமேயன்றிச் சுவையைப் பற்றி வாய் திறவா.

பசியென்னும் உபாதியை நீக்கி உணவை மட்டும் அறிய வேண்டின், அருவி இல்லாத காலத்தில் போவதே முறையென்று துணிந்து, ஒரு பங்குனி மாதத்தில், வெயில் கொளுத்த, மூவரும் குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். பாறையில் நூலளவு ஈரம் இருந்தது. மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவிந்திருக்கும் கடைகளின் பலகைகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றின்மேல் குரங்குகள், வியாபாரிகளின் பிரதிநிதிகள் போல் உட்கார்ந்திருந்தன. ஓட்டல்களில் பாதிக்குமேல் கதவு சாத்தியிருந்தது. திறந்திருந்த ஒன்றில் மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தார், இருந்த பையன் எங்களைக் கண்டு உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு, “தண்ணி இல்லாம ஏன் அண்ணாச்சி வந்திய?” என்று கேட்டான். ஆராய்ச்சிக்கு வந்தோம் என்று சொல்ல நாக்கூசியது. அருவி வற்றினால் ஆராய்கிறவன் நிதானம் அடைகிறான், ஆனால் ஆராயப்படும் பொருள் மறைந்துவிடுகிறது. அருவி விழுந்தால் பொருள் தோன்றுகிறது, ஆராய்கிறவன் நிதானம் இழக்கிறான்.

இந்த இக்கட்டிலிருந்து மீள, பல இலைகளுக்குப் பின் நான் கண்ட உபாயம் நான்காம் பரோட்டா விதி. முதற்பரோட்டாவைப் புகழ்வது அருவி. இரண்டாவதையும் அருவியே புகழ்கிறது, குரல் மட்டும் சற்றுத் தாழ்கிறது. மூன்றாவது சால்னாவின் பலத்தில் உள்ளே போகிறது. யானைத்தீ அவிந்து, வயிறு நடுநிலை எய்தி, கை சற்றே தயங்குகிற அந்த நான்காவதுதான் தன் சொந்த யோக்கியதையினால் நின்று பேச வேண்டிய பரோட்டா. அதைப் பற்றிய தீர்ப்பே ஓட்டலைப் பற்றிய தீர்ப்பு. சோற்றுக்கு இதை மோர்ச்சாதம் என்று மாற்றிக்கொள்ளலாம். இட்லிக்கு ஏழாவது என்கிறான் மைத்துனன். அவன் வயிற்றை அளவாகக் கொள்வது சாஸ்திரத்துக்கு அடுக்காது.

இவ்விதியைப் பிரயோகிக்கப் போன சீசனில் மறுபடி பிரானூர் போனோம். ஐந்தருவியில் ஒரு மணி நேரம் குளித்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து இலைக்கருகில் வைத்துக்கொண்டு, முதல் மூன்றையும் குறிப்பெழுதாமல் உண்டேன். நான்காவது வந்தது. மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கையில் இலை காலியாயிருந்தது. “நீங்க எழுதிட்டு இருந்தீங்களேன்னு எடுத்துக்கிட்டேன், அத்தான்” என்றான். கல்லில் மாவும் தீர்ந்துவிட்டது. ஆகையால் பிரானூர் பற்றிய முடிபு அடுத்த சாரல் வரையில் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.