முப்பத்தோராம் நாள் அண்ணன்

அரசு அலுவலகத்திலிருந்து கேட்ட பதில் நேரத்துக்கு வந்துவிட்டால் முகம் வாடிப்போகிற மனிதர் ஒருவர் நம்மிடையே உண்டு. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் ஊருக்கு ஒருவராவது தேறுவார். வல்லத்தில் ஒருவர், படப்பையில் ஒருவர், சுங்குவார்சத்திரத்தில் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டில் வைத்த பெயர் எதுவானாலும் ஊர் கூப்பிடுவது 'ஆர்டிஐ அண்ணன்' என்றுதான்.

வயது அறுபதைத் தொட்டிருக்கும். ஏதோ ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்து, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவர். ஸ்டோர்ஸ் என்பதைக் கவனியுங்கள். கையெழுத்து வாங்காமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாத கை அது. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாது, இரவல் கேட்பவர்களுக்காக வைத்திருப்பது. தோளில் ரெக்சின் பை. பைக்குள் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்புகள், போஸ்டல் ஆர்டர்கள், ஒப்புகை அட்டைகள், ஜெராக்ஸ்கள், ஜெராக்ஸின் ஜெராக்ஸ்கள், அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி.

பூதக்கண்ணாடி எதற்கு? மனுவுக்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவு. ஆகவே வருகிற கடிதங்களில் பெரும்பாலும் இருபத்தொன்பதாம் நாள் தேதி இருக்கும். 'பொருள்', 'பார்வை' எல்லாம் அம்சமாக இருக்கும். அண்ணன் கடிதத்தைப் படிக்க மாட்டார். உறையைத்தான் படிப்பார். தபால் முத்திரையின் மேல் கண்ணாடியை வைத்து, ட்யூப்லைட் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "கடுதாசி எழுதினது இருபத்தொன்பதாம் நாள். போஸ்ட் பண்ணது நாப்பத்துமூணாம் நாள். பதினாலு நாளா பக்கத்து டேபிள்ல ஓய்வு எடுத்துதா?" என்பார். அந்த நிமிடம் அவர் முகத்தில் வரும் சோபை மகள் கல்யாணத்தில்கூட வரவில்லை என்று அவர் மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2025-ல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்தபோது இந்த வட்டாரத்தில் அதை ஒரு துக்கச் செய்தியாக எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 12. அன்றைக்கு விஜயதசமி. பிள்ளைகள் 'அ' எழுதத் தொடங்குகிற நாளில் தேசமே கேள்வி கேட்கத் தொடங்கியது என்பது அண்ணனின் வியாக்கியானம். வருஷா வருஷம் அந்தத் தேதியில் வீட்டில் பாயசம் வைக்கச் சொல்வார். ஸ்வீடன்காரன் 1766-லேயே இதைச் செய்துவிட்டான், நம் தமிழ்நாடே 1997-ல் தனியாக ஒரு தகவல் சட்டம் போட்டது என்றெல்லாம் பாயசம் ஆறும்வரை சொல்வார். 1997 சட்டத்தில் விலக்குகள்தான் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்வார். அந்த விஷயத்தில் நேர்மையானவர்.

வீட்டுக்குள்ளும் அதே சட்டம்தான். "ஐநூறு ரூபா எதுக்குங்க?" என்று மனைவி கேட்டால், "6(2). காரணம் சொல்ல வேண்டியதில்ல." பையன் பைக் கேட்டால், "இது என் அலுவலகம் சம்பந்தப்பட்டதில்ல. 6(3)-ன்படி அஞ்சு நாள்ல அம்மாவுக்கு மாத்தி அனுப்புறேன்." பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. வீடே கவலையாக இருந்தபோது இவர் மட்டும் தெளிவாக இருந்தார்: "முப்பது நாள் தாண்டிட்டா மறுத்ததாத்தான் அர்த்தம். 7(2)." மாப்பிள்ளையின் சித்தப்பாவை முதல் மேல்முறையீட்டு அலுவலராகக் கருதி அவர் எழுதிய கடிதத்தை மனைவி நல்லவேளையாகத் தபாலில் சேர்க்கவில்லை. கல்யாணம் நடந்தது.

இவருடைய ஜீவாதாரமான மனு ஒரு கால்வாயைப் பற்றியது. மழைக்காலத்தில் ஒரகடம் கூட்டுரோடு பக்கம் போனவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பன்னாட்டுக் கம்பெனிகளின் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் புத்தம்புதிதாக வெளியே வந்து முதல் குளியலைத் தெருவிலேயே முடிக்கும். அண்ணன் கேட்டது சின்னக் கேள்வி: 'மேற்படி கால்வாயைத் தூர்வார வேண்டிய அலுவலகம் எது? கடைசியாகத் தூர்வாரிய தேதி என்ன?'

இங்கேதான் நம் தொழில் வட்டாரத்தின் மகிமை தெரியும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. சென்னை – பெங்களூரு சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தினுடையது. தொழிற்பேட்டைக்குள் ஓடுகிற சாலை சிப்காட்டினுடையது. தெரு ஊராட்சியுடையது. தண்ணீர் போய்ச் சேர வேண்டிய ஏரியின் ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது. பள்ளம் கண்ட பக்கம் ஓடுகிறது. அண்ணனும் பின்னாலேயே ஓடினார். தண்ணீர் மாநிலச் சாலையில் நிற்கும்வரை பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு செல்லும். தேசிய நெடுஞ்சாலைக்கு வழிந்துவிட்டால் மத்திய அரசின் கணக்கு, போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும். கடைசி மேல்முறையீடும் மாநிலச் சாலை என்றால் சென்னைக்கு, தேசிய நெடுஞ்சாலை என்றால் டெல்லிக்கு.

ஓர் அலுவலகம் 'இவ்வலுவலகத்தில் இல்லை' என்றது. இன்னொன்று 6(3)-ன்படி பக்கத்து அலுவலகத்துக்கு மாற்றியது. அது இன்னொன்றுக்கு மாற்றியது. மூன்றாவது அலுவலகம், முதன்முதலில் மனுப் போன அலுவலகத்துக்கே திருப்பி மாற்றிவிட்டது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது பலருக்குப் பல விதத்தில் நன்மை; கோப்பைத் தேட விரும்பாதவர்களுக்கு ஒரு விதத்தில் நன்மை. 'கோப்பு அங்கே போய்விட்டிருக்கலாம்' என்று எழுதிவிடலாம். ஒரே ஒருவர் மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. அண்ணனுக்கு அவர்மேல்தான் பிரியம்.

ஏனென்றால் முப்பத்தோராம் நாள் காலையில் முதல் மேல்முறையீட்டை அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரிக்கு அனுப்பலாம். மனு தயாராகத்தான் இருக்கும். மூல மனு எழுதும்போதே மேல்முறையீட்டையும் எழுதித் தேதிக்கு மட்டும் இடம் விட்டுவைப்பது இவர் வழக்கம். ஜெராக்ஸ் கடைப் பையன், "அண்ணே, பதில் வந்துட்டா இந்தத் தாள் வீணாயிடுமே?" என்று கேட்டான். "எங்கடா வரப்போவுது" என்று அண்ணன் சொன்ன குரலில் நம்பிக்கைதான் இருந்தது, அலுப்பு இல்லை.

அலுவலகத்து உதவியாளர் ஒருநாள் நயமாகக் கேட்டார்: "எதுக்கு சார் பேப்பர் எல்லாம்? போன்ல கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருப்பீங்க. கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருப்பீங்களா?"

உதவியாளர் டீ குடிக்கப் போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. மூன்று இருக்கைகளின் வேலை ஒரு இருக்கையில். அதற்கு நடுவில் பத்து வருஷத்துத் தூர்வாரல் கணக்கைச் சான்றிட்ட நகலாகக் கேட்டால் யாருக்கும் டீ வேண்டித்தான் இருக்கும். ஆனால் அண்ணன் டீக்கடைக்கும் போவார். "மீட்டர் ஓடுது தம்பி. ஒரு நாளைக்கு 250. இன்னியோட நாப்பத்தேழு நாள், 11,750." சட்டத்தின் 20-வது பிரிவு அது. அதிகபட்சம் 25,000 ரூபாய், அலுவலரின் சொந்தப் பணம். விதிக்க வேண்டியது தகவல் ஆணையம். விதிப்பது அபூர்வம். விதித்தாலும் அண்ணனுக்கு ஒரு பைசா வராது. இருந்தும் அந்தக் கணக்கை அவர் தினமும் நோட்டில் ஏற்றிவிட்டுத்தான் தூங்குகிறார்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். 1017-ல் பிறந்தவர். திருமந்திரத்தின் பொருள் கேட்டுத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவர் வழிவழியாகச் சொல்வது. ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கத்துப் பூக்கடையில் உட்கார்ந்து அண்ணன் இதை விரித்துரைக்க வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும். "பதினேழு தடவ திருப்பி அனுப்புனாங்க. பதினெட்டாவது தடவ தகவல் கெடச்சுது. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நிபந்தனை வேற. இவரு நேரா கோபுரம் ஏறி ஊருக்கே சொல்லிட்டாரு. நாலாவது பிரிவுப்பா, தாமா முன்வந்து வெளியிடறது!"

பூக்கடைக்காரர் சரம் கட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்: "நம்பிக்கு அபராதம் போட்டாங்களாண்ணே?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்பவும் போடல" என்றார்.

முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், காரணம் எழுதினால் நாற்பத்தைந்து. அதுவும் போனால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே ஆணையத்துக்கு என்று கெடு எதையும் சட்டம் வைக்கவில்லை. எல்லோருக்கும் நாள் குறித்த சட்டம் கடைசிப் படியில் மட்டும் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டது. விசாரணைக்கு அழைப்பு வந்தபோது மனு வாங்கிய அலுவலர் மாறி, அவருக்குப் பின் வந்தவரும் மாறியிருந்தார். மூன்றாவது அலுவலர் பாவம், கால்வாயைப் பார்த்ததே இல்லை. பதினைந்து நாளில் தகவல் தர உத்தரவாயிற்று. தகவலும் வந்தது: கால்வாய் தங்கள் பொறுப்பே என்று ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்து. அதற்குள் சாலையை அகலப்படுத்தி, கால்வாய் தாருக்கு அடியில் போய்விட்டது.

அண்ணன் கலங்கவில்லை. 'கால்வாயை மூட அனுமதித்த அலுவலகம் எது?' என்று அன்றைக்கே புது மனு.

இவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இன்னொரு வகையோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரில் 'ஆர்டிஐ' என்று சிவப்பில் ஒட்டிக்கொண்டு, மனுவைக் காட்டிக் கம்பெனி கேட்டில் கல்லா கட்டுகிறவர்கள் அவர்கள். அண்ணனிடம் கார் இல்லை. கம்பெனி கேட்டுக்குள் போக விசிட்டர் பாஸ் வேண்டும், ஆனால் அந்தக் கம்பெனியைப் பற்றி அரசுத் துறை வைத்திருக்கிற கோப்புக்குள் போகப் பத்து ரூபாய் போதும் என்று கண்டுகொண்டதோடு சரி. கேட்டதற்காக உயிரையே விட்டவர்களும் இந்த நாட்டில் உண்டு. 2010-ல் அகமதாபாதில், குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே ஆர்டிஐ செயற்பாட்டாளர் அமித் ஜேத்வா சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் அண்ணனின் மனைவி அவர் மனு போட்டுவிட்டு வர நேரமானால் வாசலுக்கு வந்து நிற்கிறார். அது சிரிக்கிற விஷயமில்லை.

அண்ணன் அளவுக்கு நீங்கள் போக வேண்டாம். ஆனால் மனு போட்டால் காலண்டரில் தேதியை வட்டமிடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணம் கிடையாது. கெடு தாண்டி வருகிற தகவலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 7(6)-ன்படி அது இலவசம்.