ஏலம் சார்

நவம்பர் பிறந்துவிட்டால் டெல்லி ஆர்.கே.புரத்தில் இரண்டுக்குப் பயந்து நடக்க வேண்டியிருக்கிறது. ஒன்று புகைமூட்டம். இன்னொன்று ஏலம் சார். புகைக்கு முகக்கவசம் உண்டு.

செக்டார் ஏழில் பால் பூத்துக்குப் போகிறவனை மறித்து, "என்ன தம்பி, ரிலீஸ் லிஸ்ட் பாத்தீங்களா?" என்பார். பார்க்கவில்லை என்றால் பட்டியல் முழுவதும் வரும். பார்த்துவிட்டேன் என்றால் பட்டியலோடு அவருடைய அபிப்பிராயமும் சேர்ந்து வரும். "எனக்குக் கிரிக்கெட்ல அவ்வளவா ஈடுபாடு இல்ல சார்" என்று எங்கள் பிளாக்கில் ஒருவர் தப்பிக்கப் பார்த்தார். குளிர்காலம் முடிவதற்குள், அன்கேப்டு வீரர் என்றால் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவரால் சொல்ல முடிந்தது.

ஐ.பி.எல். என்னவோ இரண்டு மாதக் கூத்து. அந்த இரண்டு மாதமும் இவரால் யாருக்கும் தொந்தரவு கிடையாது, டிவியே கதி. யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது, ஏலத்தில் யாரைத் தூக்குவது என்று சென்னை அணி கணக்குப் போடுகிற மாதங்கள்தான் இவருக்கு சீசன். ஆட்டம் இல்லாத காலத்தில்தான் மனிதர் ஆடித் தீர்ப்பார்.

மத்திய அரசில் காலமெல்லாம் குப்பை கொட்டி, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். எந்த அமைச்சகம் என்பது வேண்டாம். எதுவாக இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருப்பார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்து முனிர்க்காவில் டி.டி.ஏ. ஃப்ளாட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆனால் ஏலக் காலத்தில் தினமும் எங்கள் பார்க்குக்கு வந்துவிடுவார். வெயில் விழுகிற பெஞ்சு, மஃப்ளர், சட்டைப்பையில் வேர்க்கடலை, கையில் ஃபைல்.

அந்த ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டுப் பிரியர்கள் நோட்டுப்புத்தகத்தில் ஸ்கோர் எழுதி வைப்பது உண்டு. இது அசல் அரசாங்கக் கோப்பு. பச்சை நோட் ஷீட், மூலையில் டேக். ஒரு பக்கம் நோட்டிங், மறுபக்கம் பத்திரிகைக் கத்தரிப்புகள். பாராவுக்குப் பாரா எண், அடியில் கையெழுத்து, தேதி. அட்டையில் 'சி.எஸ்.கே. – தக்கவைப்பு, விடுவிப்பு, ஏலம். தொகுதி 19'. 2008-ல் தொடங்கி வருஷத்துக்கு ஒரு தொகுதி. சென்னை அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 தொகுதிகள் மட்டும் மெலிசு. மெலிசு என்றாலும் காலி இல்லை. சஸ்பென்ஷன் காலத்தைப் பணிக்காலமாகக் கருதலாமா என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார். முடிவு: கருதலாம்.

கிரிக்கெட்டில் நடப்பது எதுவும் இவருக்குக் கிரிக்கெட்டாகப் புரியாது. சர்வீஸ் ரூலாக மாற்றிக்கொண்டால்தான் புரியும். 2022-ல் தீபக் சாஹரை 14 கோடிக்கு எடுத்தார்கள், காயத்தால் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. இது மெடிக்கல் லீவ். ஜாயினிங் ரிப்போர்ட்டே கொடுக்காமல் லீவில் போனது எப்படி என்பது இவர் கேள்வி. 2023-ல் பென் ஸ்டோக்ஸ், 16.25 கோடி, ஆடியது இரண்டே ஆட்டம், எடுத்தது 15 ரன். ஒரு ரன் ஒரு கோடிக்கும் மேலே விழுகிறது. "கண்டிப்பா ஆடிட் பாரா வரும் தம்பி. எங்க செக்‌ஷன்ல ஒரு நாற்காலிக்கு நூறு ரூபா கூடக் குடுத்ததுக்கே மூணு வருஷம் பதில் எழுதினோம்." அந்த வருஷம் சென்னைதானே கோப்பை வாங்கியது என்று நினைவூட்டினால், "சாதனை வேற, ப்ரொசீஜர் வேற" என்று அடக்கிவிடுவார்.

2022-ல் ஜடேஜாவைக் கேப்டனாக்கினார்கள், எட்டு ஆட்டம் முடிந்ததும் பதவி திரும்பத் தோனியிடமே வந்தது. ஊர் உலகம் அதைக் குழப்பம் என்றது. இவர் அடிஷனல் சார்ஜ் என்றார். கூடுதல் பொறுப்புக் கொடுத்தார்கள், திருப்பி வாங்கிக்கொண்டார்கள், இதில் மனஸ்தாபத்துக்கு என்ன இருக்கிறது? 2024 ஏலத்துக்கு முன்னால், ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை அன்கேப்டு கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய விதிக்கு உயிர் கொடுத்து, தோனியை 4 கோடிக்குத் தக்கவைத்தார்களே, அன்றைக்கு மனிதர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ரிடையர் ஆனவரை கன்சல்டன்ட்டா எடுக்கறப்ப எப்படிப் போடுவோம்? கடைசிச் சம்பளத்துல பென்ஷனைக் கழிச்சு. கரெக்டாப் போட்டிருக்கான்!" ஏதோ அந்தக் கணக்கை இவரைக் கேட்டுத்தான் போட்டார்கள் என்பது மாதிரி நாலு நாள் நடந்துகொண்டார்.

2025 நவம்பர் 15-ம் தேதி சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்து, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். அன்று மாலை பார்க்கில் ஒரு கருத்தரங்கே நடந்தது. மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர் என்றால் ஆளுக்கு ஆள்தானே, இரண்டு பேரை ரிலீவ் செய்து ஒருத்தரை வாங்குவது எந்த விதியில் வரும்? ஜடேஜாவுக்கு 18 கோடி, 14 ஆகிவிட்டதே, பே புரொடெக்‌ஷன் வேண்டாமா? அரை மணி நேரம் பொருமியவர் திடீரென்று சாந்தமானார். ஜடேஜா 2008-ல் ஐ.பி.எல். வாழ்க்கையைத் தொடங்கியதே ராஜஸ்தானில்தான் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. "பேரன்ட் கேடருக்கே திரும்பிப் போயிருக்கான். இதுல அப்பீலுக்கு இடமில்ல."

சஞ்சு விஷயத்தில் மட்டும் இவரிடம் எந்த ஆட்சேபமும் கிடையாது. காரணம் பேட்டிங் இல்லை. சஞ்சுவின் அப்பா டெல்லி போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்தவர், கால்பந்து வீரர். பையன் வளர்ந்தது வடக்கு டெல்லியில் போலீஸ் காலனியில். இங்கே வயதுப் பிரிவு அணியில் இடம் கிடைக்கவில்லை என்றதும், அப்பா வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கேரளாவுக்குப் போய்விட்டார். வி.ஆர்.எஸ். என்ற இடம் வரும்போது ஏலம் சாருக்குத் தொண்டை கம்மும். "சர்வீஸ் பாக்கி இருக்கறப்பவே புள்ளைக்காகப் பேப்பர் போட்டாரே தம்பி, நம்மள்ல எத்தனை பேர் போடுவோம்?" கொஞ்சம் பொறுத்து, "குவார்ட்டர்ஸ் பையன்" என்பார். சஞ்சு 2016, 2017-ல் டெல்லி அணிக்கு ஆடியதை டெபுடேஷன் என்று ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறார்.

இவ்வளவையும் காதுகொடுத்துக் கேட்கிற நிரந்தர உறுப்பினர் வர்மாஜி. டெல்லி அணியின் ரசிகர். 2008-ல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் தேர்வில், உள்ளூர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு பிரதீப் சங்வானை எடுத்த அணி அது. அதைத் தாங்கியவர் எதையும் தாங்குவார். கோப்பை ஏதும் பார்த்ததில்லை என்பதால் வர்மாஜி முகத்தில் ஒரு தெளிவு உண்டு. 2025 ஏப்ரல் 5 அன்று டெல்லி, பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் சேப்பாக்கத்தில் சென்னையைத் தோற்கடித்தது. மறுநாள் வர்மாஜி லட்டோடு வந்தார். ஏலம் சார் வாங்கித் தின்றார். "ஒரே அணி ஒரே மைதானத்துல பதினஞ்சு வருஷம் ஜெயிச்சா, அது ரொட்டேஷனல் டிரான்ஸ்ஃபர் பாலிசிக்கு விரோதம்" என்று தோல்வியையும் ஃபைலில் சேர்த்தார்.

இந்த முறை ஏலம் அபுதாபியில், டிசம்பர் 16. அன்றைக்கே மார்கழி முதல் தேதி. விடிவதற்குள் மலை மந்திரில் சுவாமிநாதனைத் தரிசித்து, சுடச்சுடப் பொங்கல் வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வீட்டு டிவியை அவர் மனைவி சிறை மீட்டுவிட்டாராம். மலை மந்திர் செக்டார் ஏழில் இருப்பதும் தோனியின் சட்டை எண் ஏழு என்பதும் தற்செயல் என்று நீங்கள் நினைத்தால், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

சென்னை கையில் 43.4 கோடி. மதியம் ஏலம் ஆரம்பித்ததும் இவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. முதலில் பெரிய பெயர்களுக்குச் சென்னை விலை ஏற்றி, ஏற்றி, கையைக் கீழே இறக்கியது. அதெல்லாம் சரிதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு பிரசாந்த் வீர் பெயர் வந்தது. உத்தரப் பிரதேசத்துப் பையன், அடிப்படை விலை 30 லட்சம். ஒரு கோடி, மூன்று கோடி, ஏழு கோடி. கடலையை உரித்த விரல்கள் அப்படியே நின்றன. 14.2 கோடியில் சுத்தி விழுந்தது, சென்னைக்கு. கொஞ்ச நேரத்தில் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா. கீப்பர். அதே 30 லட்சம், அதே 14.2 கோடி, அதே சென்னை. இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள் இரண்டு பேருக்கு 28.4 கோடி.

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தோம். கிழவர்களாக வாங்குகிறோம், இளசுகளை எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் நோட்டிங் போட்டவர் இவர்தான். ஆனால் முகம் சுண்டிவிட்டது.

"டைரக்ட் ரெக்ரூட்" என்றார்.

இதை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். மத்திய அரசில் ஜாதி இரண்டே. பரீட்சை எழுதி நேரே மேலே வந்து இறங்குகிறவன், கீழே சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறி வருகிறவன். ஏலம் சார் இரண்டாவது ஜாதி. எந்தப் புது ஆபீசர் மீசை முளைக்காமல் வந்து அவருக்கு மேலே உட்கார்ந்தான் என்பதெல்லாம் தேதிவாரியாக அவர் மனசில் இருக்கிறது. அன்று மாலை முழுக்க பிரசாந்த் வீர் பெயரையே அவர் சொல்லவில்லை. "அந்தப் புரொபேஷனர்" என்றுதான் சொன்னார்.

வர்மாஜி விவரம் தெரியாத மனிதர். அந்த நேரம் பார்த்து, "சஞ்சு வந்துட்டான், இந்தச் சின்னக் கீப்பரும் வந்துட்டான். அப்போ தோனிஜி எப்ப போறார்?" என்று கேட்டுவிட்டார்.

ஏலம் சார் ஃபைலை மூடிவிட்டார். "போனா சொல்லுவார். நவம்பர் ஆனா பென்ஷன்காரன் எல்லாம் லைஃப் சர்டிஃபிகேட் குடுக்கறான். அவரும் குடுக்கறார். அவ்வளவுதான்."

எனக்கு இவரோடு உள்ள வழக்கே இங்கேதான். 1998-ல் மத்திய அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக்கியது. மேலே இருந்தவர்கள் இன்னும் இரண்டு வருஷம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். செக்‌ஷன் ஆபீசர் பதவிக்குக் காத்திருந்த இவரைப் போன்றவர்களின் வரிசை அப்படியே நின்றது. அந்த உத்தரவின் பெயரைச் சொன்னாலே இன்றைக்கும் இவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இந்தியாவில் பதவி உயர்வுக்காகக் காத்துக் கிடப்பவனின் வயிற்றெரிச்சலை இவரைவிட விளக்கமாகச் சொல்ல ஆள் இல்லை.

அந்த மனிதரிடம் ஜெகதீசனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கோயம்புத்தூர்ப் பையன், தமிழ்நாட்டு அணியின் கீப்பர். 2018-ல் சென்னை எடுத்தது. கீப்பர் இடத்தில் தோனி இருக்கும்போது இன்னொரு கீப்பருக்கு என்ன வேலை? விரல்விட்டு எண்ணுகிற ஆட்டங்கள் கொடுத்துவிட்டு 2022 நவம்பரில் விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதம் அடித்தான். ஐந்தாவது, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன். லிஸ்ட் ஏ வகை ஐம்பது ஓவர் ஆட்டத்தில் தனி ஒருவர் எடுத்த அதிகபட்சம், உலக சாதனை. இதை நான் எடுத்துச் சொன்னால் ஏலம் சார் சொல்கிற பதில் இரண்டு சொல்.

"வேகன்ஸி இல்லையே."

சொல்கிறவர் யார் பாருங்கள்!

கோபம் அவர் ஒருத்தர் மேல் மட்டும் இல்லை. 14.2 கோடிக்குப் போன பையன் எந்தக் கையால் பந்து போடுகிறான் என்று தெரிந்த இந்தக் கூட்டத்தில், தமிழ்நாட்டு ரஞ்சி அணிக்கு இப்போது யார் கேப்டன் என்று கேளுங்கள். வானத்தைப் பார்ப்பார்கள். தமிழ்நாடு கடைசியாக ரஞ்சிக் கோப்பை வாங்கியது 1987-88-ல், ரயில்வே அணியைத் தோற்கடித்து. அதற்கப்புறம் தலைமுறையே மாறிவிட்டது, ஒருவருக்கும் கவலை இல்லை. எந்த அணி யாரை எத்தனை கோடிக்கு வாங்கியது என்பதுதான் கிரிக்கெட் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டின் சாய் சுதர்சன் 2025-ல் வேறு அணிக்கு ஆடி 759 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கியதுகூட இவர்களுக்கு, 'நம்ம ஆளுங்க கோட்டை விட்டுட்டாங்க' என்ற வகையில்தான் செய்தி. பையன் ஆடியது எப்படி என்று யாரும் பேசவில்லை.

சரி, போகட்டும். நவம்பரில் இவர் கையில் இன்னொரு ஃபைலும் இருக்கும், அதையும் சொல்லாமல் விட்டால் பாவம். செக்டார் ஏழிலிருந்து முனிர்க்கா வரைக்கும் தனியாக இருக்கிற வயதான பெண்மணிகள், கணவனின் பென்ஷனை நம்பி இருக்கிறவர்கள், எல்லோருக்கும் லைஃப் சர்டிஃபிகேட் போட்டுக் கொடுப்பது இவர்தான். கைரேகை பதியாத விரலை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, போனில் மாட்டிய ரேகைக் கருவியில் நாலு தடவை முயன்று பதிய வைப்பார். சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரிக்கு நடந்து அவர்கள் மருந்தையும் வாங்கி வருவார். கொடுக்கும்போதும் வாய் சும்மா இருக்காது. போன மாதம் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் மருந்தை வாங்கிக்கொண்டு, "இந்த வருஷம் ஸ்பின்னர் யாருப்பா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

ஆகவே மலை மந்திரிலோ செக்டார் ஐந்து தமிழ்ச் சங்கத்திலோ மஃப்ளர் கட்டிய பெரியவர் பச்சைத் தாள் ஃபைலோடு எதிரே வந்தால் ஓட வேண்டாம். நின்று பேசுங்கள், பென்ஷன் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், இலவசமாகவே தீர்த்து வைப்பார். அடுத்த கீப்பர் யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படியும் கேட்பதாக இருந்தால், எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க் கேளுங்கள்.